எழுத்துருவையும் உடன் அனுப்புக

மின்னணுப் பதிவேடுகளைப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைப்பதென்றால், கோப்புகளை ஒரு வட்டிற் படியெடுத்து அனுப்பினாற் போதும் என்று அலுவலகங்களிற் பலர் கருதுகின்றனர். இக்கருத்து பிழையானது. சாதாரண முறையிற் படியெடுக்குங்கால், கோப்பு உண்டான தேதி மறைந்து படியெடுத்த தேதியே அதன்மேற் பதிந்துவிடுதல் உண்டு. சரிபார்ப்பு எண்ணை முன்னரே கணித்து அனுப்பினாலன்றி, வழியில் ஓரெழுத்து மாறியிருப்பினும் பெறுவோர் அறியார்.

தமிழ்ப் பதிவேடுகளுக்கோ இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. யூனிகோடு பரவுமுன், நிறுவனந்தோறும் எழுத்துருவுக்கு வெவ்வேறு குறிமுறை வழங்கிற்று. தமிழ்நாட்டு அரசு 1999-இல் டாம், டாப் என்னுந் தரங்களையும், 2010-இல் யூனிகோடையும் ஏற்றது. பழைய கோப்புகளோ பழையபடியே கிடக்கின்றன. யான் பல்லாண்டு தொகுத்த கலைச்சொற் பட்டியலை அண்மையில் திறந்தபோது, தமிழ்ச் சொற்கள் நின்ற இடமெல்லாம் ஐரோப்பிய எழுத்துக் குவியலே தோன்றிற்று. கெட்டுப்போயிற்றென்று அழிக்கவும் துணிந்தேன். உரிய எழுத்துரு கிடைத்ததும் பட்டியல் முழுதும் மீண்டது.

அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகம் 2006-இல் எழுத்தாளர் சல்மான் ருஷ்டியின் ஆவணங்களோடு அவருடைய பழைய கணிப்பொறிகளையும் பெற்று, அவற்றுள் ஒன்றன் திரைச்சூழலையே ஆய்வாளர் காணுமாறு 2010-இல் அமைத்தது. நமக்கு அத்துணைச் செலவு வேண்டா. மூலக்கோப்பைத் தொடாது, யூனிகோடுப் படியொன்றையும் எழுத்துருவையும் உடன் அனுப்பலாம். எக்கோப்பு எந்த எழுத்துருவில் அமைந்தது என்பதை, அதனைத் தட்டச்சு செய்த எழுத்தர் ஓய்வு பெறுமுன் கேட்டெழுதிக்கொள்ளல் வேண்டும்.