அன்லிமிடெட்னா அளவில்லாததா?

நேத்து ராத்திரி பதினொரு மணி. தம்பிக்குக் காலையில பரீட்சை, ஹால் டிக்கெட் இறக்கணும். மணலி புதுநகர்ல எங்க வீட்டுல பிராட்பேண்ட் கிடையாது, செல்போன்தான் கதி. திட்டத்தோட பேரு 'அன்லிமிடெட்'. ஆனா ஒரு நாளைக்கு 2 ஜிபி தாண்டினா வேகம் 64 கேபிபிஎஸ். சாயங்காலம் ஆபீஸ் வேலைக்கு நான் ஹாட்ஸ்பாட் போட்டதுல அது காலி. பக்கம் சுத்துது, சுத்துது, அறுந்துடுது. பன்னிரண்டு அடிச்சு புது கோட்டா வந்தப்புறம்தான் இறங்குச்சு.

கணக்கு பாருங்க மக்களே. 64 கேபிபிஎஸ்னா நொடிக்கு 8 கிலோபைட். ஒரு எம்பி இறங்கவே ரெண்டு நிமிஷம். 2023-லேர்ந்து இந்தியாவுல பிராட்பேண்ட்னு சொல்லிக்க குறைஞ்சது 2 எம்பிபிஎஸ் வேணும். இது அதுல முப்பதுல ஒரு பங்கு கூட இல்லை.

வேகத்தைக் குறைக்கறதே தப்புன்னு சொல்ல வரலை. ஒரு டவரை ஊரே பங்கு போடுது, எனக்கும் தெரியும். பேருதான் பொய். எவ்வளவு வேணா பிடிச்சுக்கோங்கன்னு கூப்பிட்ட தண்ணி லாரிக்காரர், பத்தாவது குடத்துக்கு அப்புறம் சொட்டு சொட்டா விட்டா நம்ம தெரு சும்மா விடுமா?

அளவு தாண்டினாலும் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழ போகக்கூடாதுன்னு டிராய் 2016-ல உத்தரவு போட்டுது. ஆனா அது வீட்டு பிராட்பேண்டுக்கு மட்டும்தான், செல்போன் அதுல சேர்த்தி இல்லை. அமெரிக்காவுல இதே விஷயத்துக்காக எஃப்டிசி 2014-ல ஏடி அண்ட் டி மேல வழக்கு போட்டுது. 2019-ல அந்தக் கம்பெனி 6 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கிச்சு.

செல்போனுக்கும் ஒரு அடிமட்ட வேகம் வேணும். அதுவரைக்கும் அந்த 64-ஐயாவது 'அன்லிமிடெட்' அளவுக்கே பெரிய எழுத்துல போடட்டும். நீங்க என்ன சொல்றீங்க?