நெகட்டிவ் சீட்டு கேக்காதீங்க, நாள் கணக்கு கேளுங்க

1/ "சார், நெகட்டிவ்னு ஒரு சீட்டு மட்டும் வேணுங்க. இல்லன்னா ஓனர் வண்டிச் சாவி தர மாட்டேங்கறாருங்க."
2020ல கொரோனா டியூட்டில இருந்தப்ப நாமக்கல் பக்கத்து டிரைவர் ஒருத்தர் கேட்டது. கேரளாவுக்கு முட்டை லோடு ஓட்டுறவர். காய்ச்சல் விட்டு பத்து நாளுக்கு மேல ஆச்சு, ஆள் நல்லா இருக்காரு. ஓனர் சொன்னாருன்னு வெளிய எடுத்த டெஸ்ட் மட்டும் பாசிட்டிவ்.

2/ ஆர்டி-பிசிஆர் தேடுறது வைரஸோட மரபணுத் துண்டை. அந்த வைரஸ் உயிரோட இருக்கா, செத்துப்போச்சான்னு அதுக்குத் தெரியாது. தீபாவளிக்கு மறுநாள் தெருவெல்லாம் பட்டாசுப் பேப்பர் கிடக்கும். அதுக்காக வெடி இன்னும் வெடிக்குதுன்னு அர்த்தமா?

3/ 2020 மே மாசம் தென்கொரியா இதை ஆராய்ஞ்சு சொன்னாங்க. குணமாகி மறுபடி பாசிட்டிவ் ஆன 285 பேர். அவங்களோட பழகின 790 பேர். இவங்க மூலமா தொத்துனதா ஒரு கேஸ்கூட உறுதியாகல.

4/ நம்ம மத்திய அரசும் 2020 மே 8ல விதியை மாத்திச்சு. லேசான நோய்னா அறிகுறி தொடங்கி 10 நாள் கழிஞ்சு, 3 நாள் காய்ச்சல் இல்லன்னா, டெஸ்டே இல்லாம டிஸ்சார்ஜ். தீவிர நோயாளிகளுக்கும் எதிர்ப்புசக்தி குறைஞ்சவங்களுக்கும் மட்டும் நெகட்டிவ் வேணும்னு வெச்சாங்க. காரணம் இருக்கு.

5/ எல்லார் உடம்பும் ஒரே வேகத்துல வைரஸைத் துரத்தாது. வயசானவங்க, நோய் தீவிரமானவங்க, கீமோ எடுக்கறவங்க, கிட்னி மாத்தினவங்களுக்கு நாள் கூடும். எதிர்ப்புசக்தி ரொம்பக் குறைஞ்ச சிலருக்கு மாசக்கணக்குல உயிருள்ள வைரஸ் இருந்திருக்கு. ஃப்ளூவுல குழந்தைங்க பெரியவங்களைவிட அதிக நாள் பரப்புவாங்க.

6/ நாம கையால கூட்டிக்கிறதும் உண்டு. மெடிக்கல்ல "செட்டு மாத்திரை" வாங்குறீங்களே, அதுல பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். காய்ச்சல் சட்டுனு விடும், பசிக்கும், தெம்பா இருக்கும். ஆனா வைரஸோட சண்டை போடுற படையைத்தான் அது உக்கார வைக்குது. சுகரையும் ஏத்தும்.

7/ "கொரோனாவுக்கு நீங்களே ஸ்டீராய்டு குடுத்தீங்களே?" குடுத்தோம், ஆக்சிஜன் தேவைப்பட்டவங்களுக்கு. பிரிட்டனோட ரிகவரி ஆய்வுல டெக்சாமெத்தசோன் வென்டிலேட்டர்ல இருந்தவங்க சாவை மூணுல ஒரு பங்கு குறைச்சுது. ஆக்சிஜனே தேவைப்படாதவங்களுக்கு எந்தப் பலனும் இல்ல. ஒரே மருந்துதான், நேரம்தான் வேற.

8/ இன்னொண்ணு. வைரஸ் போறதும் ஆபத்து போறதும் ஒண்ணு இல்ல. டெங்குல காய்ச்சல் விடுறப்ப ரத்தத்துல வைரஸ் குறைஞ்சிருக்கும். பிளாஸ்மா கசிஞ்சு பிரஷர் இறங்குறது பெரும்பாலும் அப்பத்தான். "காய்ச்சல் விட்டுருச்சு"ன்னு வீட்டுக்குப் போயிடாதீங்க. வயித்துவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு, அசதின்னா உடனே வாங்க.

9/ டிரைவருக்கு வருவோம். மறுபடி டெஸ்ட், மறுபடி பாசிட்டிவ், மூணு வாரக் கூலி போச்சு. இதைப் பாத்த இன்னொரு டிரைவர், 2021ல காய்ச்சலோட ஆறு நாள் வண்டி ஓட்டிட்டு மூச்சுத்திணறலோட வந்தாரு. ஆக்சிஜன் 86. ஏன்யா முன்னாடியே வரலன்னு கேட்டேன். "டெஸ்ட் எடுத்தா வேலை போயிருமேங்க" அப்டின்னாரு. பொழைச்சுக்கிட்டாரு. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்ல.

10/ அதனால கோழிப்பண்ணை, விசைத்தறி, சேகோ ஆலை, லாரி பட்டறை நடத்துற ஓனருங்களுக்கு ஒரு வேண்டுகோள். நெகட்டிவ் சீட்டு கேக்காதீங்க. காய்ச்சல் எப்ப வந்துச்சு, எப்ப விட்டுச்சுன்னு கேளுங்க. காய்ச்சல் நாளுக்குச் சம்பளம் குடுங்க. சீட்டு கேட்டா தொத்து நிக்காது, ஒளிஞ்சுக்கும். அவ்ளோதான்.