ஒலுவில் கரை: அளவு இருக்கிறது, எடுப்போமா?

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே கடல் எவ்வளவு நிலத்தைத் தின்றிருக்கிறது? தென்னந்தோட்டத்தைப் பறிகொடுத்தவர் ஓர் அளவு சொல்வார், தேர்தல் மேடையில் வேறோர் அளவு கேட்கும். எல்லாரும் ஏற்கக்கூடிய அளவு வானத்தில் நெடுநாளாகப் பதிவாகி வருகிறது.

நம் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்த துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அதை மறித்தது. தெற்கிலும் துறைமுக வாயிலிலும் மணல் குவிய, வடக்குக் கரை மணலின்றி அரிபடுகிறது.

லாண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படமெடுக்கின்றன. 2008இலிருந்து அந்தப் படங்கள் இலவசம். 2015இல் வந்த சென்டினல்-2இன் படத்தில் ஒரு புள்ளி பத்து மீற்றர். இத்தனை படங்களையும் இறக்கிச் சேமிக்க நம்மூர் இணைப்பும் கணினியும் தாங்கா. கூகுள் எர்த் என்ஜின் போன்ற மேகக் கணிமையில் அந்தத் தேவையே இல்லை. படங்கள் தொலைவிலுள்ள கணினிகளிலேயே கிடக்கும். நாம் சில வரி நிரல் அனுப்பினால் கணக்கு அங்கேயே நடந்து, வரைபடம் மட்டும் நம்மிடம் வரும். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான கோஸ்ட்சாட் என்ற இலவச மென்பொருள், எர்த் என்ஜினிலிருந்து வேண்டிய கரைத்துண்டை மட்டும் இறக்கி, படத்துக்குப் படம் கரைக்கோட்டை நம் கணினியிலேயே பிரித்தெடுக்கிறது.

பத்து மீற்றரளவு பிழை வரலாம். ஓராண்டின் பல படங்களைச் சேர்த்துப் பார்த்தால் அது குறையும். இங்கே கடல் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பது நமக்குச் சாதகம். பெரிய தடை வாடைக்கால முகில். கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் படம் கெடும் என்பதால், மழைக்கு முந்திய கரையையும் பிந்திய கரையையும் ஒப்பிட வேண்டும்.

ஒலுவில் கரையைக் காக்கக் கல் போட்டால் அரிப்பு நிற்குமா, வடக்கே நிந்தவூருக்கு நகருமா? என் பார்வையில் முதலில் விடை தேட வேண்டிய கேள்வி இதுதான். படம் மட்டும் இதற்குப் போதாது. எந்த ஆண்டு எங்கே கல் விழுந்தது, எப்போது மணல் அள்ளினார்கள் என்பதைக் கரைவலைக்காரர் சொல்ல வேண்டும்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலேயே இருக்கிறது. அதன் மாணவர்கள் துறைமுகத்துக்கு முந்திய கரையையும் இன்றைய கரையையும் ஒரே வரைபடத்தில் தமிழில் வரைந்து, ஆண்டுதோறும் பிரதேச செயலகத்திலும் பள்ளிவாசல்களிலும் மீனவர் சங்கங்களிலும் ஒட்டட்டும். கூகுள் தனியார் நிறுவனம் என்பதால் நிரலும் முடிவுகளும் பல்கலைக்கழகத்தில் பிரதியாக இருக்கட்டும். நட்டஈடு கேட்டுப் போகும் தோட்டக்காரர் கையில் அந்த வரைபடம் இருக்க வேண்டும்.