பரீட்சை நேரத்தில் சிரித்தால் குற்றமா?

செமஸ்டர் டைம்டேபிள் வந்த அன்றே எங்கள் ஊர் வீடுகளில் ஊரடங்கு தொடங்கிவிடும். டி.வி. கிடையாது, கல்யாணம் காட்சி கிடையாது, தோழி வீட்டு வாசலில் நின்று பேசக்கூட அனுமதி கிடையாது. எதைக் கேட்டாலும், "எல்லாம் பரீட்சை முடியட்டும்" என்பார்கள். இதனால் மார்க் ஏறும் என்று நான் நம்பவில்லை. விருத்தாசலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். ஏப்ரலிலும் நவம்பரிலும் கல்லூரிப் பிள்ளைகளை, அவர்களைப் பெற்றவர்களைவிட அதிகம் பார்ப்பது நான்தான்.

ஹால் டிக்கெட்டுக்கும் சீனியர் நோட்ஸுக்கும் வருவார்கள். "குட்டி எழுத்துல ஒரே பக்கத்துல எடுத்துத் தாங்கக்கா" என்று சிலர் கேட்பார்கள். எதற்கென்று தெரியும்; முடியாது என்றுவிடுவேன்.

போன செமஸ்டரில் ஒரு பெண் ஒற்றை வெள்ளைத்தாள் கேட்டாள். பக்கத்து மணவாளநல்லூர் முருகன் கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுத. குறையைக் காகிதத்தில் எழுதி முருகன் சன்னதியில் வைத்துவிட்டு, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். கடன், களவு, சொத்துத் தகராறு எல்லாம் அங்கே போகும். அரியரும் போகும். சப்ஜெக்ட் கோடு, ரிஜிஸ்டர் நம்பர் எல்லாம் போட்டு இவள் எழுத, "செக்ஷனையும் போடுடி, சாமி ஆள் மாத்திப் பாஸ் போட்டுடப் போறாரு" என்று கூட வந்தவள் சொல்ல, இருவரும் என் கடை மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சாமி பாஸ் போடுவாரா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஷேர் ஆட்டோவில் போய், கும்பிட்டு, பொரி வாங்கித் தின்றுகொண்டு திரும்பிய அந்த அரை நாளில் அவள் இழந்தது ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன்.

செராமிக் படிக்கிற பிள்ளைகள் கதை வேறு. நெய்வேலிச் சுரங்கக் களிமண் பக்கத்திலேயே கிடைத்ததால் இங்கே வளர்ந்த தொழில் இது. அதற்கென்றே அரசு டிப்ளமோ படிப்பும் உண்டு. பொம்மை செய்ய, கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்பக்கம் மண் ஏடாகப் படியும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, மண் இறுகி அச்சைவிட்டு விலகும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் பொம்மையின் காது அச்சோடு போய்விடும். பிராக்டிகல் முடிந்த கையோடு ஒரு தம்பி கொண்டுவந்து கொடுத்த யானை என் மேசைமேல் நிற்கிறது. சூளையில் துதிக்கை கோணிவிட்டது. மார்க்குக்கும் ஆகாது, விலைக்கும் போகாது. "பேப்பர் பறக்காம வெச்சுக்கங்கக்கா" என்றான். மறுநாள் அவனுக்குக் கணக்குப் பேப்பர். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களில் முகம் தெளிந்திருந்தது அவனுக்கு மட்டும்தான்.

செல்போனில் ரீல்ஸ் பார்ப்பதும் சின்னச் சந்தோஷம்தானே என்று கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மணி நேரம் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு எழுந்திருக்கிற பிள்ளை, உட்கார்ந்தபோது இருந்ததைவிடக் களைத்துப் போயிருக்கிறது. நான் சொல்வது கூட்டாளியோடு குடிக்கிற டீ, சித்திரை வெயிலுக்கு ஒரு நுங்கு, எங்கள் ஊர்க் கோயிலில் ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்கப் படியிறங்கும்போது காலில் படுகிற குளிர்ச்சி. தேர்வு முடிந்து வெளியே வந்ததும் நடக்கிற அரட்டையையும் சேர்த்துக்கொள்ளலாம். சுந்தரர் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதை ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். "மூணாவது யூனிட்ல போட்டோம், அஞ்சாவது யூனிட்ல தேடச் சொல்றாங்க" என்று கேள்வித்தாளைக் காட்டி ஒருத்தி சொன்னால், அழ வேண்டிய நாலு பேர் சிரித்துவிடுகிறார்கள். சிரிப்புக்கும் அடங்காத பாரம் இருந்தால் 104, 14416 என்ற உதவி எண்களில் பேச ஆள் இருக்கிறார்கள். அதையும் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

தேர்வு முடிந்து நடக்கிற அந்த அரட்டைக்குத்தான் இடமில்லை. மங்கலம்பேட்டை, கருவேப்பிலங்குறிச்சி, பெண்ணாடம் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள் அதிகம். காலைத் தேர்வு ஒரு மணிக்கு முடிந்தால் அவர்கள் ஊர் பஸ் உடனே வருவதில்லை. தேர்வு நாளில் கூட்டம் சேரக்கூடாது என்று கல்லூரி கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் கழிப்பறைகூட இல்லாமல் சாலை ஓரத்தில் வெயிலில் நிற்கிறார்கள். என் கடைக்குள் எத்தனை பேரை உட்கார வைக்க முடியும்?

பெற்றோருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: அரை மணி தாமதமாக வந்தால் வாசலிலேயே விசாரணை வைக்காதீர்கள். கல்லூரிகளை நடத்துகிறவர்கள், மரத்தடியையும் குடிதண்ணீர்க் குழாயையும் கழிப்பறையையும் மாலைவரை திறந்து வையுங்கள். மதியத் தேர்வு நடக்கிற கட்டடத்திலிருந்து தள்ளி உட்காரச் சொன்னால் சத்தமும் இருக்காது. இதற்கு அரசாணை வேண்டியதில்லை. வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.