தமிழ்ல பாத்தா பாத்ததா ஆகாதா? – ஒரு மன்னிப்பும் சில புலம்பல்களும்

மக்களே, ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பாத்து. ஆபீஸ்ல ரிலீஸ், வீட்ல பெயிண்டிங் வேலைன்னு நாள் ஓடிடுச்சு. இன்னைக்கு எழுதப் போறது ஜப்பான் படங்களைப் பத்தி. ஆனா விமர்சனம் இல்லை. ஒரு மன்னிப்பு, கொஞ்சம் புலம்பல், கடைசில ஒரு வேண்டுகோள்.

என்னைத் தெரியாதவங்களுக்கு: வீடு செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன்ல இருந்து பத்து நிமிஷ நடை. படிச்சது இன்ஜினியரிங், செய்யறது பொட்டி தட்டுற வேலை. காலேஜ் ஹாஸ்டல்ல ஒருத்தன் ஹார்ட் டிஸ்க்ல இருந்து தொத்திக்கிட்டது இந்த ஜப்பான் பைத்தியம். எந்தப் படம் அங்க எப்போ ரிலீஸ், டிஸ்க் எப்போ வருது, இங்க வருமா வராதான்னு ஒரு எக்செல் ஷீட்டே வெச்சிருக்கேன். சிரிக்காதீங்க.

2024ல சித்தி வீட்ல ஒரு விசேஷம். சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் காத்தாட உக்காந்திருந்தோம். சித்தி பையன் ஓரமா போன்ல எதையோ பாத்துட்டு இருந்தான். எட்டிப் பாத்தா அனிமே. தமிழ் டப்பிங். நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"டேய், தமிழ்ல எல்லாம் பாத்தா அது பாத்ததாவே ஆகாதுடா. சப்டைட்டில் போட்டு ஒரிஜினல் பாரு."

"சரிண்ணா"ன்னு சொல்லிட்டு போனை பாக்கெட்ல வெச்சுட்டான். அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் எங்கிட்ட பேசவே இல்லை. கிளம்பும்போது சித்திதான் மெதுவா சொன்னாங்க: "அவனுக்கு அந்த இங்கிலீஷ் எழுத்து ஓடுற வேகத்துக்குப் படிக்க வராதுப்பா. எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லாத."

சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா அப்பவும் நான் ஒண்ணும் பெருசா திருந்தலை. 'பாவம், அவனுக்கு வேற வழியில்லை'ன்னு நினைச்சுக்கிட்டேன். அது அதைவிட மோசம்னு லேட்டாதான் புரிஞ்சுது.

அவன் ஐடிஐ பிட்டர். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனில கான்ட்ராக்ட். 5எஸ், கைசன், போகா யோகேன்னு அவன் வாயில தினமும் ஜப்பானிய வார்த்தைதான். நானும் ஆபீஸ்ல 'கன்பான் போர்டு'ன்னு பெருமையா பேசறவன். எனக்கு அது ஸ்கிரீன்ல இழுத்து விடுற ஒரு கட்டம். அவனுக்கு அது பார்ட்ஸ் டப்பாவோட கூடவே வந்து, தீர்ந்ததும் திரும்பிப் போற அட்டை. அதாவது ஒரிஜினல். யாரு ஒரிஜினலுக்குப் பக்கத்துல இருக்கான்னு பாத்தா, நான் இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். டப்பிங்னா மட்டம், சப்டைட்டில்னா உசத்தி. இந்த நினைப்பு நம்ம ரசிகர்கள்ல பாதிப் பேருக்கு இருக்கு. எனக்கும் இருந்துச்சு. இப்போ இது தப்புன்னு நினைக்கறேன். காரணம் சொல்றேன்.

முதல்ல நம்ம வயசுக்காரங்க கொஞ்சம் ரிவைண்ட் பண்ணுங்க. 2006ல ஹங்காமா டிவில ஷின்சான் வந்துச்சு. அதை ஜப்பானிய மொழியிலயா பாத்தோம்? தமிழ்ல பாத்து, அதே குரல்ல பேசி, வீட்ல உதை வாங்கினோம். அப்போ யாரும் 'ஒரிஜினல் பாருடா'ன்னு சொல்லலை. பெரியவனாகி நாலு சப்டைட்டில் படிச்சதும் திடீர்னு தமிழ் கசக்குது!

அடுத்து ஜப்பான்காரங்களையே எடுத்துக்கங்க. 1995ல வந்த நம்ம முத்து, 1998ல டோக்கியோ ஷிபுயால ஒரு தியேட்டர்ல ரிலீஸ் ஆகி மாசக்கணக்குல ஓடுச்சு. 'ஆடும் மகாராஜா'ன்னு பேரெல்லாம் வெச்சுக் கொண்டாடினாங்க. அந்த வசூல் சாதனையை உடைக்க 2022 அக்டோபர்ல ஆர்ஆர்ஆர் அங்க போக வேண்டியிருந்துச்சு. அந்தப் படம் சப்டைட்டிலோட சக்கைப்போடு போட்ட பிறகு, 2023 ஜூலைல ஜப்பானிய டப்பிங்கோட மறுபடியும் தியேட்டருக்கு வந்துச்சு. ரெண்டும் இருக்கட்டும்னு அவங்க விட்டுட்டாங்க. நாமதான் இங்க பஞ்சாயத்து வெக்கறோம்.

மூணாவதுதான் எனக்கே ஆச்சரியம். ஜப்பானிய மொழிக்கு இங்கிலீஷைவிடத் தமிழ் நல்லாவே பொருந்துது. (ஜப்பானிய மொழியே தமிழ்ல இருந்து வந்ததுன்னு சுசுமு ஓனோ சொன்ன தியரி பக்கம் நான் போகலை. மொழியியல்காரங்க பெரும்பாலும் அதை ஏத்துக்கலை.) சாதாரண விஷயத்தையே பாருங்க. தங்கச்சி அண்ணனை அங்க பேர் சொல்லிக் கூப்பிட மாட்டா. இங்கிலீஷ்ல அது பல சமயம் வெறும் பேரா மாறிடும். தமிழ்ல 'அண்ணா', அவ்வளவுதான், ஒரு சேதாரமும் இல்லை. மரியாதையாப் பேசறது, மரியாதையை விட்டுட்டுப் பேசறது, இதெல்லாம் அங்க வினைச்சொல்லுல தெரியும். நமக்கும் 'வாங்க', 'வா', 'வாடா' இருக்கு. இங்கிலீஷ்ல எல்லாத்துக்கும் ஒரே சொல். வினைச்சொல் கடைசில வர்றதும் நம்மள மாதிரியே. 'நான் உன்னை…'ன்னு இழுத்து நிறுத்தி, கடைசில குண்டைப் போடற வசனத்துல இங்கிலீஷ் சப்டைட்டில் குண்டை முதல்லயே போட்டுடும்.

தமிழ் டப்பிங் எல்லாமே தங்கம்னு சொல்லலை. சில இடத்துல தேவையே இல்லாம நம்ம சினிமா பஞ்ச் டயலாக்கைச் சொருகறாங்க. சீரியஸ் சீன்ல மெட்ராஸ் பாஷை வந்து விழுது. அதைத் திட்டுங்க, நானும் கூட வர்றேன். ஆனா 'இந்த வசனம் சரியில்லை'ன்னு சொல்றது வேற, 'தமிழ்ல பாக்கறவன் ரசிகனே இல்லை'ன்னு சொல்றது வேற. முதலாவது விமர்சனம். ரெண்டாவது திமிர்.

எக்செல் ஷீட்ல இருந்து கொஞ்சம் எடுத்து விடறேன். 'டீமன் ஸ்லேயர்: முகென் ட்ரெயின்' ஜப்பான்ல 2020 அக்டோபர், இந்தியால 2021 ஆகஸ்ட். கொரோனா காலம்னு வெச்சுப்போம், பத்து மாசம். 'சுசுமே' அங்க 2022 நவம்பர், இங்க 2023 ஏப்ரல். மியாசாகியோட 'தி பாய் அண்ட் தி ஹெரான்' அங்க 2023 ஜூலை, இங்க 2024 மே. நடுவுல ஆஸ்கரே வாங்கிட்டு வந்துடுச்சு. 2019ல 'வெதரிங் வித் யூ' இங்க வந்ததுக்குக் காரணமே ஐம்பதாயிரம் பேருக்கு மேல கையெழுத்துப் போட்ட ஒரு மனுதான். கடைசியா 'டீமன் ஸ்லேயர்: இன்பினிட்டி காசில்'. ஜப்பான்ல 2025 ஜூலை 18, இந்தியால செப்டம்பர் 12. எட்டே வாரம். கூடவே தமிழ், தெலுங்கு, இந்தி டப்பிங்.

இதை நான் தற்செயல்னு நினைக்கலை. என்னை மாதிரி ஷீட் போட்டு சப்டைட்டில்ல பாக்கறவங்க சென்னைல ஒரு சில ஸ்கிரீனை நிரப்புவோம். மத்த ஊர்ல எல்லாம் நிரப்பணும்னா என் தம்பி மாதிரி ஆளுங்க வரணும். அவங்க வந்தாத்தான் படம் சீக்கிரம் வரும். நான் சீக்கிரமா பாக்கறதுக்கு அவன் டிக்கெட்டும் காரணம்.

அடுத்த புலம்பல், டிஸ்க். 2023ல ஆன்சைட் போனப்போ ஒரு பழைய கடைல டிவிடி ஒண்ணு ஆசையா வாங்கிட்டு வந்தேன். வீட்ல போட்டா ஓடலை. டிவிடிக்கு ஜப்பான் ரீஜன் 2, இந்தியா ரீஜன் 5. இது தெரிஞ்சும் வாங்கின பெருமை எனக்கே. ப்ளூ ரேலயும் அவங்க ஏ, நாம சி. ஓடியிருந்தாலும் அதுல இங்கிலீஷ் சப்டைட்டில் கிடையாதுங்கறது தனி சோகம். 2007ல மோசர் பேர் 34 ரூபாய்க்கு டிவிடி வித்த காலமெல்லாம் கனவு மாதிரி இருக்கு. அந்தக் கம்பெனியே 2018ல கலைப்புக்குப் போயிடுச்சு.

'எல்லாம் ஆன்லைன்ல இருக்கே'ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கதை. அமெரிக்கால பனிமேஷன்னு ஒரு அனிமே கம்பெனி. டிஸ்க் வாங்கினா டிஜிட்டல் காப்பியும் உண்டு, அது எப்பவும் உங்களோடதுன்னாங்க. க்ரஞ்சிரோலோட ஒண்ணாக்கி, 2024 ஏப்ரல் 2ஆம் தேதி பனிமேஷனை மூடினாங்க. டிஜிட்டல் காப்பி எல்லாம் போச்சு. டிஸ்க் வெச்சிருந்தவங்க மட்டும் தப்பிச்சாங்க.

டிஸ்க்னு சொன்னதும் என் மாமா ஞாபகம் வருது. அந்த ஞாபகம்தான் இந்தப் பதிவுக்கே காரணம்.

மாமா காக்களூர் சிட்கோல ஒரு பட்டறைல இருந்தார். மாசத்துக்கு ஒருமுறை பாரிஸ் போய் பர்மா பஜார்ல டிவிடி அள்ளிட்டு வருவார். திருட்டு டிவிடிதான், இல்லைன்னு சொல்லலை. எனக்குப் பத்து வயசு இருக்கும், ஒரு ஞாயித்துக்கிழமை 'செவன் சாமுராய்' போட்டார். 207 நிமிஷம், கருப்பு வெள்ளை, கீழ இங்கிலீஷ் எழுத்து. எனக்கு ஒண்ணும் புரியலை. மாமா ரிமோட்டைக் கையில வெச்சுக்கிட்டு, ரெண்டு வசனத்துக்கு ஒருதரம் நிறுத்தி, தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தார். கிழவருக்கு ஒரு குரல், அந்தக் கோமாளி சாமுராய்க்கு ஒரு குரல். மத்தியானம் ஆரம்பிச்ச படம் ராத்திரி சாப்பாடு வரைக்கும் ஓடுச்சு.

போன வருஷம் செப்டம்பர்ல தம்பிகூட அம்பத்தூர் பக்கம் ஒரு மல்டிபிளெக்ஸ்ல இன்பினிட்டி காசில் பாத்தேன். நானே போன் பண்ணிக் கூப்பிட்டேன். தமிழ் ஷோ. "உனக்கு ஓகேவாண்ணா?"ன்னு ரெண்டு தடவை கேட்டான். அந்த ரெண்டு தடவையும் எனக்கு உறைச்சுது. அகாசாவோட பழைய கதை வர்ற இடத்துல பக்கத்துல மூக்கை உறிஞ்சற சத்தம். திரும்பிப் பாக்கலை. எனக்கும் அதே நிலைமைதான். அப்போதான் தோணுச்சு: எனக்கு குரசாவாவை அறிமுகப்படுத்தினதே ஒரு தமிழ் டப்பிங்தானே! ரிமோட்டோட உக்காந்திருந்த ஒரே ஒரு டப்பிங் ஆர்ட்டிஸ்ட். அன்னைக்கு மாமா 'ஒரிஜினலை ஒழுங்கா படிடா'ன்னு சொல்லியிருந்தா நான் எழுந்து விளையாடப் போயிருப்பேன்.

ஒரு படம் ஒரு ஊருக்கு வந்து சேர்றதுல என்ன இருக்குன்னு கேக்கறவங்களுக்கு: குரசாவாவோட ரஷோமோன் 1950ல வந்துச்சு. 1952ல இந்தியால நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு வந்தது. அதோட தாக்கத்துல எஸ்.பாலசந்தர் 1954ல எடுத்ததுதான் அந்த நாள். பாட்டே இல்லாத தமிழ்ப் படம். நாலே வருஷம். யாரு எதைப் பாத்துட்டு என்ன செய்வாங்கன்னு நாம முடிவு பண்ண முடியாது. பாக்கற வழியை அடைக்காம இருக்கலாம்.

அதனால வேண்டுகோள் ரெண்டு. ஒண்ணு, அடுத்த ஜப்பான் படம் தமிழ்ல வந்தா ஒரு தடவையாவது தமிழ் ஷோவுக்கு டிக்கெட் எடுங்க. பிடிக்கலைன்னா எந்த வசனம் பிடிக்கலைன்னு எழுதுங்க. ரெண்டு, அடிதடிப் படம் மட்டும் போதாது. குரசாவா, ஓசு, மியாசாகி படங்களுக்குத் தமிழ் டப்பிங் இல்லைன்னாலும் தமிழ் சப்டைட்டிலாவது வேணும்னு உங்க ஓடிடிக்காரங்ககிட்ட கேளுங்க. கையெழுத்துப் போட்டு ஒரு படத்தையே வரவெச்ச கூட்டம்தானே நாம.

தம்பி இதைப் படிப்பானான்னு தெரியலை. படிச்சா: ஸாரிடா. அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. மாமாகிட்ட சொல்லி அந்த டிவிடியை வாங்கி வெச்சிருக்கேன், இன்னும் ஓடுது. ரிமோட் எங்கிட்ட இருக்கும்.

டிஸ்கி: மாமா அளவுக்கு எனக்குக் குரல் மாத்திப் பேச வராது. பொறுத்துக்கணும் :)