டேங்க் உச்சியில் நடக்கும் விபத்துகள்: சங்கத்தின் நிலைப்பாடு

டேங்க் மேலேறி டிப் எடுப்பது, அதாவது எண்ணெய் மட்டத்தை அளப்பது குறித்து நிர்வாகம் விடுத்துள்ள சுற்றறிக்கையைச் சங்கத்தின் செயற்குழு வரி வரியாகப் படித்தது. உயரத்தில் வேலை செய்வோர் சேஃப்டி பெல்ட் கட்டியே தீர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், விழுந்தவரின் கவனக்குறைவையே முதலில் விசாரிக்க வேண்டும் என்ற பிரிவைச் சங்கம் ஏற்காது.

அவர் நின்ற இடத்தில் என்ன வாயு இருந்தது என்று முதலில் கேளுங்கள்.

கச்சா எண்ணெய் டேங்கின் மூடியைத் திறந்ததும் உள்ளே அடைபட்ட வாயு நேரே முகத்தில் அடிக்கிறது. புரொப்பேன், பியூட்டேன் போன்றவை ஆக்சிஜனை விலக்கித் தள்ளுகின்றன. தலை சுற்றி, கால் துவளும் அந்த நொடியில் தொழிலாளர் நிற்பதோ குறுகிய நடைமேடையில். அமெரிக்க எண்ணெய் வயல்களில் 2010 முதல் 2014 வரை இப்படி அளவும் மாதிரியும் எடுக்கப் போன 9 பேர் இறந்ததை அந்நாட்டு அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பதிவு செய்துள்ளது. திறந்தவெளியில்தான் இறந்தார்கள். சில மரணங்களுக்கு முதலில் இதய நோய்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. வாயுவை அளக்காமலே மாரடைப்பு என்றும் தவறி விழுந்தார் என்றும் எழுதிக் கோப்பை மூடுவது செத்தவர் மேலேயே பழி போடுவதாகும்.

சட்டையில் மாட்டும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அலாரம் புரொப்பேன், பியூட்டேன் போன்ற வாயுக்களுக்கு ஒலிக்காது. ஹைட்ரஜன் சல்ஃபைடும் 100 பிபிஎம் அளவை எட்டினால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றத்தை நம்ப முடியாது. 2019 அக்டோபரில் டெக்சஸின் ஒடெஸாவில், இரவில் பம்ப் நிலையத்துக்குத் தனியே போன தொழிலாளர் ஹைட்ரஜன் சல்ஃபைடால் இறந்தார். அவரைத் தேடி வந்த மனைவியும் அங்கேயே இறந்தார். தனியாள் வேலையை இனியும் சிக்கனம் என்று சொல்லாதீர்கள்.

பெல்ட் கட்டியவர் மயங்கினால் கீழே விழமாட்டார், உண்மைதான். அந்த வாயுவுக்குள்ளேயே தொங்கிக் கிடப்பார். இறக்குவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கும் சுவாசக் கருவி வேண்டும்.

மூடியைத் திறக்காமல் அளக்கும் முறைக்கான தரநிர்ணயத்தை அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 2016இலேயே வெளியிட்டுவிட்டது. இதற்குச் செலவாகும் என்ற நிர்வாகத்தின் கருத்தைச் சங்கம் கவனத்தில் கொள்கிறது. எனவே அம்முறையை "இயன்ற இடங்களில், படிப்படியாக" கொண்டுவரக் கோருகிறது. உடனடியாக வேண்டும் என்று கேட்ட உறுப்பினர்களின் கருத்தும் தீர்மானத்தில் பதிவாகியுள்ளது. அதுவரை இருவர் சேர்ந்தே போக வேண்டும். எரிவாயுவையும் ஆக்சிஜனையும் சேர்த்து அளக்கும் டிடெக்டர் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளருக்கும் இதுவே விதி. இழப்பீடு பற்றித் தனியே பேசப்படும்.

டிடெக்டரின் பதிவு இணைக்கப்படாத எந்த விபத்து அறிக்கையிலும் சங்கப் பிரதிநிதி கையெழுத்திட மாட்டார்.