கேட்டறியும் அன்பு

எரிகோ அருகே பார்வையற்றவரைச் சந்தித்த இயேசு, அவர் விரும்புவது யாதென அவரிடமே வினவினார். நாமோ கேளாமலே இரங்கிக் கடந்துவிடுகிறோம்.

1809இல் பிரான்சில் பிறந்த லூயி பிரெயில், சிறுவயதிலேயே பார்வையை இழந்தார். 1829இல் அவர் வெளியிட்ட புள்ளி எழுத்துமுறை, சொற்களோடு இசைக்குறிப்புகளையும் விரலால் வாசிக்க வழிசெய்தது. தாம் பயின்ற பார்வையற்றோர் பள்ளியிலேயே ஆசிரியரானார். பாரிஸ் ஆலயங்களில் ஆர்கன் இசைத்தார். ஆலயம் அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தது.

அந்த வாய்ப்பு நம் திருகோணமலை மாவட்டத்தின் கிளிவெட்டி போன்ற சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் வேண்டும். திருப்பலியில் ஓர் ஓரத்து இருக்கை போதாது. பாடகர் குழாமில் இடமும், பொறுமையோடு கற்பிக்கும் ஆசிரியரும் தேவை. பெற்றோரே, பங்குமக்களே, அவர்களின் விருப்பத்தை முதலில் அவர்களிடமே கேட்போம்.